பாம்புக்கு ஒரு வீடு

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிகொண்டது போல என்பது எம்மவர் நாவிலே அடிக்கடி வழங்கும் பழமொழி. ஒருவன் பாடுபட்டுத் தேடியதை மற்றொருவன் வந்து அனுபவிக்குமிடத்து இதனைச் சொல்கின்றோம். பாம்பின்மேல் இது ஒரு பழியாகவே நின்றுவிட்டது. ஆயினும் சற்று நிதானித்து நோக்கினால், இப்பழமொழியினுள்ளே ஓர் உயிரியல் உண்மையும் அடங்கியிருப்பது புலனாகும். பாம்புக்குக் கையில்லை, காலில்லை. மண் சுமந்து சுவர் எழுப்ப அதனால் இயலாது. ஆனால், ஆயத்தமாகக் கிடக்கும் இடங்களுள் தனக்கு ஏற்றது எது என்று தெரிந்தெடுக்க அதற்கு நன்றாகத் தெரியும். புற்றினுள்ளே கடுவெயில் இல்லை, ஈரம் உண்டு, பகைவர் கண்ணில் படாத மறைவும் உண்டு. உடம்புக்குச் சூடு வேண்டும்போது அது வெளியே வந்து வெயிலிலே கிடக்கும். சூடு மிஞ்சினால் உள்ளே போய்விடும். வீடு கட்டத் தெரியாத அந்த உயிர், வீடு தேர்வதிலே வல்லது.

அத்தகைய உயிரைப் பிடித்து ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட்டால் அதன் கதி என்ன? "பாம்பை யாராவது வீட்டிலே வளர்ப்பார்களா?" என்று வாசகர் கேட்கலாம். வளர்க்கின்றார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நாய், பூனை, கிளி என்பவற்றைப் போலப் பாம்பையும் செல்லப்பிராணியாக வைத்திருக்கும் குடும்பங்கள் பல உள. அவற்றுள் ஒன்று எமது உறவினர் குடும்பம். அவ்வீட்டிலே நாம் கண்டதையும் கேட்டதையும் இவ்வாரம் எழுதத் துணிந்தோம்.

அப்பம்மாவும் பேரனும்

இலண்டன் மாநகரின் வடமேற்கே ஹரோ என்னும் பகுதியிலே அவர்கள் வசிக்கின்றார்கள். எம்மவர் பலர் குடியேறியுள்ள இடம் அது. அவ்வீட்டுச் சிறுவனுக்கு அப்பொழுது பன்னிரண்டு வயது. நாய் வளர்க்க வீட்டிலே வசதியில்லை. பூனையின் மயிர் தங்கைக்கு ஆகாது. பாடசாலைத் தோழன் ஒருவன் வீட்டிலே சோளப் பாம்பைக் கண்டு வந்தவன், தனக்கும் ஒன்று வேண்டுமென்று ஓராண்டு காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஈற்றில் தகப்பனார் இசைந்தார். அப்பம்மா இசையவில்லை. "பாம்பிருக்கும் வீட்டிலே நான் பச்சைத் தண்ணீரும் குடியேன்" என்று சொல்லி இரண்டு நாள் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

கடைக்காரர் ஒருவர் பாம்புக் குட்டியையும், அதற்கு வீடென்று சொல்லி ஒரு மீன் தொட்டியையும், மின்சாரத்தாற் சூடேறும் செயற்கைக் கல் ஒன்றையும் சேர்த்து விற்றார். நாற்புறமும் கண்ணாடி, மேலே கம்பிவலை மூடி, அடியிலே அந்தக் கல். பிள்ளை அதனைத் தன் அறை யன்னலோரத்தில் வைத்தான். கோடையிலே ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டாவது மாரிகாலம் வந்தது. ஒருநாள் பாம்பைக் கையிலே எடுத்தபொழுது அதன் வயிற்றுப்புறச் செதில்கள் சிவந்தும் கருகியும் இருப்பதைக் கண்டு அலறிவிட்டான். மிருக வைத்தியரிடம் கொண்டோடினார்கள். சூட்டுக்காயம் என்றார் வைத்தியர்.

"சுட்டால் விலகிப் போகாதா? ஏன் அந்தக் கல்லிலேயே கிடந்தது?" என்று தகப்பனார் கேட்டாராம். அதற்கு அவ்வைத்தியர் கூறிய விடையை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. "தொட்டி முழுவதும் குளிர், அந்தக் கல் ஒன்றுதான் சூடு. குளிரிலே விறைத்துக் கிடப்பதா, சுடும் கல்லிலே கிடப்பதா என்னும் இரண்டு தெரிவுகளை மாத்திரமே நீங்கள் அதற்கு வைத்தீர்கள். அது ஒன்றைத் தெரிந்துகொண்டது" என்றாராம்.

நாய் வலித்தாற் குரைக்கும், பூனை கத்தும், கிளி தன் சிறகைத் தானே பிய்க்கும். பாம்பு ஒன்றும் செய்யாது. வருத்தத்திலும் அது சுருண்டுதான் கிடக்கும். சுகத்திலும் சுருண்டுதான் கிடக்கும். முறையிடத் தெரியாத உயிரை வளர்ப்பவன், அது முறையிட நேராவண்ணம் முன்கூட்டியே எல்லாவற்றையும் ஒழுங்குசெய்தல் வேண்டும். பாம்பின் வீட்டைப் பற்றிய அறிவு முழுவதற்கும் இதுவே அடிப்படை.

சோளப் பாம்பு

சோளப் பாம்பின் தாயகம் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள். செம்மஞ்சள் நிற உடம்பிலே கருங்கரையிட்ட சிவப்புத் திட்டுகள் வரிசையாய் அமைந்திருக்கும். வயிற்றுப்புறத்தே கறுப்பும் வெள்ளையும் கட்டங்கட்டமாகக் கலந்து காணப்படும். அது சோளக் கதிரின் மணிகளை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது என்பர் ஒருசாரார். சோளக் களஞ்சியங்களிலே எலி தேடித் திரிவதால் வந்தது என்பர் மற்றொரு சாரார். இதற்கு நஞ்சில்லை. முட்டையிலிருந்து வெளிவருங்கால் ஓரடிக்கு உட்பட்ட நீளமே இருக்கும். வளர்ந்தபின் மூன்றடி முதல் ஐந்தடி வரை நீளும். எலிகளை உண்டு வாழும். நல்ல பராமரிப்பிலே பதினைந்து, இருபது ஆண்டுகள் உயிர்வாழும். சாந்த குணமுடையது, மரமேறுவதிலும் வல்லது. மேல்நாடுகளிலே முதன்முதலாகப் பாம்பு வளர்க்கத் தொடங்குவோர் பெரும்பாலும் இதனையே தெரிவுசெய்கின்றனர். விற்பனைக்கு வருபவை காட்டிலே பிடிக்கப்பட்டவையல்ல. பெரும்பாலும் பல தலைமுறையாக மனிதரிடத்தே முட்டையிட்டுப் பெருகியவை.

சூடும் குளிர்ச்சியும்

எமது உடம்பு உண்ட உணவைக்கொண்டு தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்குகின்றது. மாரியிலும் கோடையிலும் நம் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ ஒரே அளவாகவே நிற்கின்றது. பாம்புக்கு இந்த வசதி இல்லை. புறத்தேயிருந்து கிடைக்கும் வெப்பமே அதன் முதல். இரையை விழுங்கிய பாம்பு சூடான இடத்தை நாடிப் போவதை அவதானித்தோர் அறிவர். வயிற்றிலுள்ள இரை சமிப்பதற்கு அந்தச் சூடு தேவை. சூடு போதாவிடின் இரை சமியாது. பாம்பு அதனைக் கக்கிவிடும். நோயை எதிர்க்கும் வலிமையும் குன்றும். சூடு மிஞ்சினாலோ உயிருக்கே ஆபத்து.

ஆகவே, பாம்பின் கூடு முழுவதையும் ஒரே வெப்பநிலையில் வைத்திருப்பது தவறு. ஒரு முனை சூடாகவும் மறு முனை குளிர்ச்சியாகவும் இருத்தல் வேண்டும். சோளப் பாம்புக்குச் சூடான முனையிலே 28 முதல் 30 பாகை சதம அளவும், குளிர்ந்த முனையிலே 20 முதல் 24 பாகை அளவும் பொருந்தும். இடையிலே வெப்பம் படிப்படியாகக் குறைந்து செல்லும். அந்த நேரத்துக்கு எது வேண்டுமோ அவ்விடத்துக்குப் பாம்பு தானே ஊர்ந்து போகும். உண்ட பின்னர் ஒரு முனை. உறக்கத்துக்கு மறு முனை. இதனைத் தீர்மானிப்பது பாம்பின் வேலை. தீர்மானிக்க இடம் வைப்பது வளர்ப்பவரின் வேலை.

சூடேற்றுவதற்கு மேலே தொங்கும் மின்குமிழையோ, கூட்டின் அடியிலே விரிக்கும் மெல்லிய வெப்ப விரிப்பையோ பயன்படுத்துவர். விரிப்பானால் தரையின் மூன்றிலொரு பங்குக்கும் அரைவாசிக்கும் இடைப்பட்ட அளவை மாத்திரம் அது மூடல் வேண்டும். மின்குமிழானால் பாம்பு அதனைச் சுற்றிக்கொள்ள இயலாதவாறு கம்பிக் கூண்டு ஒன்றைப் பொருத்துதல் வேண்டும். எதுவாயினும் தெர்மோஸ்டாட் என்னும் வெப்பச் சீராக்கி இல்லாமல் மின்சாரத்தை இணைக்கவே கூடாது. குறித்த அளவை வெப்பம் எட்டியதும் மின்னோட்டத்தைத் தடுப்பதும், குறைந்ததும் மீண்டும் விடுவதும் அக்கருவியின் தொழில். சீராக்கி பழுதுபடுவதும் உண்டு. ஆதலின் இரு முனைகளிலும் ஒவ்வொரு வெப்பமானி வைத்து நாள்தோறும் பார்த்துக்கொள்வது நன்று. ஹரோ வீட்டிலே கல்லை வாங்கியவர்கள் சீராக்கியை வாங்கவில்லை; வாங்கும்படி அவர்களுக்கு எவரும் சொல்லவுமில்லை.

யன்னலோரமும் ஆகாது. மாரியிலே கண்ணாடி வழியே குளிர் இறங்கும். கோடையிலே வெயில் நேரே பட்டாலோ கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடும்.

புரொக்டர் அம்மையார் அமைத்த இல்லம்

இவ்வறிவு மனிதருக்கு ஒரே நாளில் வந்ததன்று. 1849 ஆம் ஆண்டிலே இலண்டன் மிருகக்காட்சிச்சாலையினர் பாம்பு, பல்லி, முதலை முதலிய ஊர்வனவற்றுக்கெனத் தனி இல்லம் ஒன்றைத் திறந்தனர். உலகிலே அத்தகைய இல்லங்களுள் அதுவே முதலாவது. ஆயினும், அங்கு வாழும் ஒவ்வோர் இனத்துக்கும் வேண்டுவது வெவ்வேறு என்னும் உண்மையைக் கட்டிடத்திலேயே எழுதிக் காட்டியவர் பின்னால் வந்த ஒரு பெண்மணி.

ஜோன் புரொக்டர் என்னும் அவ்வம்மையார் 1897 இல் பிறந்தவர். சிறுமியாய் இருக்கும்போதே பாம்பும் பல்லியும் வளர்த்தவர். நோயினால் உடல் நலிந்து பல்கலைக்கழகம் செல்ல இயலாதிருந்தும், தம் ஆர்வத்தினால் ஊர்வன இயலிலே பெரும் புலமை பெற்றார். 1923 இல் அம்மிருகக்காட்சிச்சாலையின் ஊர்வனப் பகுதிக்குப் பொறுப்பாளரானார். அவர் திட்டமிட்ட புதிய இல்லம் 1927 இல் திறக்கப்பட்டது. ஒவ்வொரு கூட்டுக்கும் அதனதன் குடியாளுக்கு ஏற்ற வெப்பத்தை மின்சாரத்தினாற் கொடுக்கும் ஏற்பாடு அதிலே இருந்தது. சாதாரண கண்ணாடி வெயிலிலுள்ள கழியூதாக் கதிர்களைத் தடுத்துவிடும். அவ்விதம் தடுக்காத ஒருவகைக் கண்ணாடியை அவர் பயன்படுத்துவித்தார். பார்வையாளர் நிற்கும் கூடம் மங்கலாகவும், கூடுகள் ஒளியுடனும் இருந்தன. கொமோடோ தீவிலிருந்து வந்த பெரும் பல்லியொன்று அவரிடத்தே நாய்க்குட்டிபோற் பழகி அவருடன் உலாவியது என்பர். 1931 இல், தமது முப்பத்துநான்காவது வயதிலே அவர் காலமானார். குறுகிய வாழ்வே. ஆயினும், பாம்பை அடைத்து வைப்பதற்கும் பாம்புக்கு வீடு கொடுப்பதற்கும் உள்ள வேற்றுமையை உலகுக்குக் காட்டிச் சென்றார்.

நீட்டிப் படுக்க ஓரிடம்

இனிக் கூட்டின் அளவைப் பார்ப்போம். பாம்பு எப்பொழுதும் சுருண்டே கிடப்பதால் அதற்குச் சிறு இடம் போதும் என்று நெடுங்காலம் பலர் எண்ணினர். சிறிய பெட்டிகளை அலுமாரித் தட்டுகள்போல அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பை வைத்திருப்போர் இன்றும் உளர். ஆனால் சுருண்டு கிடப்பது வேறு. சுருண்டே கிடக்க வேண்டியிருப்பது வேறு. சிறு கட்டிலிலே முழங்கால் மடித்துப் படுத்து இரவைக் கழித்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தடையற்ற இடத்திலே பாம்புகள் உடம்பை நேராக நீட்டுவதும் உண்டு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர் சோளப் பாம்புகளையே கொண்டு நடத்திய ஆய்வொன்று 2021 இல் வெளிவந்தது. சிறு கூட்டையும் பெருங்கூட்டையும் முன்வைத்தபொழுது, அவை பெருங்கூட்டையே விரும்பின என்று அவ்வாய்வு கூறுகின்றது. பாம்பு தன் முழு நீளத்துக்கும் நீட்டிப் படுக்கத்தக்க கூடே தக்க கூடு என்னும் கருத்து இப்பொழுது வலுப்பெற்று வருகின்றது.

அந்நாட்டுச் சட்டமும் இதற்குத் துணைநிற்கின்றது. 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் அங்கு பிராணி வளர்ப்போர்க்கு ஐந்து கடமைகளை விதித்துள்ளது. ஏற்ற வாழிடம், ஏற்ற உணவு, இயல்பாக நடமாட வசதி, இனத்தோடு சேர்ந்தோ தனித்தோ வாழும் ஏற்பாடு, நோயினின்றும் துன்பத்தினின்றும் காப்பு என்பன அவை. முதலிலே வைத்து எண்ணப்படுவது வாழிடமே.

காயம் பட்ட பாம்புக்கு மருந்திட்டு வந்த நாட்களிலே, ஹரோ வீட்டுத் தகப்பனாரும் மகனும் பின்வளவிலுள்ள கொட்டகையில் இருந்து புதுக்கூடு ஒன்று செய்தார்கள். ஒட்டுப்பலகையினால் ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். பலகை குளிரைத் தடுக்கும். மூன்று பக்கமும் மறைவாக இருப்பதால் பாம்புக்கு அச்சமும் குறையும். முன்பக்கம் மாத்திரம் தள்ளித் திறக்கும் கண்ணாடிக் கதவு. மூலைமுடுக்குகளை ஈரம் புகாதபடி பசையினால் அடைத்து, அப்பசையின் நாற்றம் முற்றாக நீங்கும்வரை பல நாள் காற்றாட விட்டார்கள். பக்கங்களிலே காற்றுத் துளைகள் வைத்தார்கள். தலை நுழையும் துவாரம் எங்கும் இல்லையென்று இருமுறை பார்த்துக்கொண்டார்கள். தலை நுழைந்தால் உடம்பு முழுவதும் நுழைந்துவிடும். கண்ணாடிக் கதவுக்குச் சிறு பூட்டும் போட்டார்கள். மூக்கினால் முட்டி முட்டிப் பார்ப்பதிலே பாம்புக்குச் சலிப்பே கிடையாது. பூட்டாத கதவை ஒருநாள் திறந்தே தீரும். அப்பூட்டின் திறப்பைத் தம்மிடம் தரவேண்டும் என்னும் நிபந்தனையின்மேலேதான் அப்பம்மா வீட்டிலே நிலையாகத் தங்கச் சம்மதித்தார்.

மறைவிடமும் படுக்கையும்

வீடு பெரிதானால் மாத்திரம் போதுமா? வெறும் கூடத்திலே நிற்கும் மனிதனுக்கும் மனம் ஒடுங்கும். பாம்புக்கு மறைவிடம் இன்றியமையாதது. உடம்பின் பக்கங்கள் சுவரிலே தொடும்படி சற்று நெருக்கமாக அமைந்த மறைவிடத்தையே அது விரும்பும். கவிழ்த்து வைத்து வாய் வெட்டிய மட்பாத்திரம், மரப்பட்டை, சிறு பெட்டி எதுவும் ஆகும். இங்கே பலரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. மறைவிடம் ஒன்றையே வைத்து, அதனையும் குளிர்ந்த முனையிலே வைத்துவிடுவர். அப்படியானால், சூடு வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா என்று பாம்பு தவிக்கும். அச்சத்தினாற் குளிரிலேயே கிடந்து நோயுறும். சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று என இரண்டு மறைவிடங்கள் வேண்டும். மூன்றாவதாக, ஈரப் பாசி இட்ட சிறு பெட்டி ஒன்று இருப்பது மிக நன்று. அது தோலுரிக்கும் காலத்துக்கு உதவும்.

தோலுரிக்கச் சில நாட்களுக்கு முன் பாம்பின் கண்கள் பால்போல் மங்கி நீலம் பாயும். அந்நாட்களிலே அதற்குப் பார்வை குன்றும், தொட்டால் வெருளும். அதனைக் கையிலெடுக்காமல் விட்டுவிட வேண்டும். காற்றிலே ஈரம் போதுமானால் சட்டை கழற்றியது போலத் தோல் முழுமையாக உரியும். போதாவிடின் துண்டுதுண்டாகக் கிழியும். கண்ணின்மேலுள்ள மெல்லிய தோல் கழராமல் ஒட்டிக்கொண்டு தீங்கு செய்யும். உரித்த தோலைப் பார்த்தே கூட்டின் குணத்தைச் சொல்லிவிடலாம்.

தரையிலே பரப்புவதற்கு ஆஸ்பென் என்னும் மரத்தின் சீவல் ஏற்றது. பாம்பு அதனுள்ளே துளைத்துப் புகுந்து மகிழும். தேவதாரு இனத்து வாசனை மரச் சீவல் ஆகாது; அதன் எண்ணெய் பாம்பின் மூச்சுக்குப் பகை. பழைய செய்தித்தாளை விரிப்பதும் உண்டு. காயம்பட்ட பாம்புக்குச் சீவல் புண்ணிலே ஒட்டுமென்பதால் செய்தித்தாளே தக்கது. வாசகர் கையிலுள்ள இந்த ஞாயிறு இதழும் ஒருநாள் அத்தகைய தொண்டு புரியுமாயின் எமக்கு வருத்தமில்லை.

பாம்பு இறங்கிக் கிடக்கக்கூடிய அகன்ற பாத்திரத்திலே நல்ல தண்ணீர் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். ஏறி விளையாட உறுதியான கிளை ஒன்றும் வேண்டும். பகலுக்கு வெளிச்சமும் இரவுக்கு இருளும் வேண்டும். சோளப் பாம்புக்குக் கழியூதாக் கதிர் தேவையில்லை என்று முன்பு பலர் எண்ணியிருந்தனர். அக்கதிர்களை வீசும் விளக்கின் கீழே வாழ்ந்த சோளப் பாம்புகளின் இரத்தத்திலே உயிர்ச்சத்து டி மிகுந்தது என்று 2008 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. புரொக்டர் அம்மையார் கண்ணாடியை மாற்றியது வீண் வேலையன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஒரு கூட்டிலே ஒரு பாம்புதான். துணையில்லாமல் வருந்துமே என்று இரக்கப்பட்டு இன்னொன்றைச் சேர்ப்பது பிழை. சோளப் பாம்பு தனிவாழ்வு வாழ்வது. ஒன்றையொன்று விழுங்கிய நிகழ்ச்சிகளும் உண்டு.

தூய்மை

கழிவைக் கண்டவுடன் அகற்றி, குறித்த கால இடைவெளியிலே கூடு முழுவதையும் கழுவி உலர்த்துதல் வேண்டும். ஊர்வனவற்றின் உடம்பிலே சல்மொனெல்லா என்னும் கிருமி இருத்தல் சாதாரணம். அது பாம்பை வருத்தாது. மனிதரை, சிறப்பாகக் குழந்தைகளையும் முதியோரையும், கடுமையாக வருத்தும். ஆகவே பாம்பைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் வேறெதையும் தொடலாகாது. பாம்பின் பாத்திரத்தை அடுக்களைத் தொட்டியிலே கழுவவும் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டிலே பாம்பு வளர்க்காதிருப்பதே அறிவுடைமை.

இவ்வளவையும் செய்து முடித்த பின்னரே பாம்பைக் கொண்டுவருதல் வேண்டும். வீடு முந்தியது, குடியாள் பிந்தியது. கூட்டை அமைத்து, சில நாள் வெப்பமானியைப் பார்த்து, இரவும் பகலும் அளவு தவறாமல் நிற்கின்றதெனக் கண்டபின் பாம்பை வாங்குவோர் பிழைவிடார். பாம்பைத் தூக்கிக்கொண்டு வந்தபின் வீடு தேடுவோரே வைத்தியரிடம் ஓடுகின்றனர். இன்னொன்றும் உண்டு. பன்னிரண்டு வயதிலே பிள்ளை வாங்கும் பாம்பு, அவனுக்கு முப்பது வயதாகும்போதும் உயிரோடிருக்கலாம். அவன் படிக்கப் போனால் யார் பார்ப்பது? மின்சாரக் கட்டணம் யார் கொடுப்பது? பெற்றோர் இக்கேள்விகளை முதலிலேயே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

எமது நாட்டு மாணவருக்கு

இதனைப் படித்துவிட்டு, வேலியோரத்திலே போகும் சாரைப்பாம்பைப் பிடித்துப் பெட்டியிலே போட எவரும் துணியலாகாது. காட்டுயிர்களைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் கட்டுப்படுத்துகின்றன. நஞ்சுள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்தறியும் திறமையும் எல்லார்க்கும் இல்லை. ஒரு பிழை உயிரையே கொண்டுபோகும். அன்றியும், எமது பாம்புகளுக்கு வேண்டிய வீடு இங்கே ஆயத்தமாகவே உள்ளது. வயல்வரம்பும், பனங்காணியும், பாழடைந்த கல்மதிலும், கறையான் எடுத்த புற்றுமே அவற்றின் வீடு. சூடும் குளிர்ச்சியும், வெளிச்சமும் மறைவும் அங்கே குறைவின்றி உள. அவற்றைக் கண்டவுடன் தடி தூக்காமல் விலகிப் போக விடுவதே நாம் அவற்றுக்குச் செய்யக்கூடிய வீட்டுதவி. வளவிலே குப்பையும் எலியும் சேராமல் வைத்திருந்தால், அவை எம் வீட்டை நாடி வரும் தேவையும் குறையும்.

தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குச் செல்லும் மாணவர்கள் பாம்புக் கூட்டின் முன்னே சற்று நின்று பார்க்கட்டும். பாம்பைப் பார்ப்பது எளிது. அதன் வீட்டையும் பாருங்கள். மறைவிடம் உண்டா, தண்ணீர் உண்டா, நீட்டிப் படுக்க இடம் உண்டா, சூட்டுக்கு ஒரு மூலையும் குளிர்ச்சிக்கு ஒரு மூலையும் உண்டா என்று உங்களையே கேளுங்கள். பாடநூலிலே படிக்கும் உயிரியல் அப்பொழுதுதான் உயிர் பெறும்.

ஹரோவிலே நாம் தங்கியிருந்த இரவொன்றில், அனைவரும் உணவருந்திக்கொண்டிருந்தோம். இரவிலே பாம்பு என்று பெயர் சொல்லலாகாது, பூச்சி என்றே சொல்ல வேண்டும் என்பது எம்மூர் வழக்கமன்றோ. அப்பம்மா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "தம்பி, உன்னுடைய பூச்சி வெளியே வந்து தண்ணீர் குடிக்கிறது. சத்தம் போடாமல் வந்து பார்" என்றார். நாமும் எழுந்து போய்ப் பார்த்தோம். நாலடி நீளத்துக்கு வளர்ந்துவிட்ட அப்பாம்பு, பாத்திரத்தின் விளிம்பிலே தாடையை வைத்து அமைதியாக நீர் அருந்திக்கொண்டிருந்தது. பலமுறை தோலுரித்தும் வயிற்றோரத்திலே பழைய சூட்டின் தழும்பு மங்கலாகத் தெரிந்தது. குடித்து முடித்ததும் அது தலையை உயர்த்தி நாவை நீட்டிச் சற்று நேரம் ஆராய்ந்தது. பின்னர், சூடான முனைக்குப் போகாமல் குளிர்ந்த முனையை நோக்கி மெல்ல ஊர்ந்து, அங்கிருந்த மட்பாத்திரத்தினுள்ளே புகுந்துகொண்டது.

"இன்றைக்கு அதற்கு அங்கேதான் பிடித்திருக்கிறது" என்றார் அப்பம்மா. திறப்பு அவர் முந்தானையிலே முடிந்திருந்தது.